பூட்டும் திறப்பும்: வாசகர் கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பின் அலுவலகக் கட்டடங்களிலும் தொடர்மாடிகளிலும் பூட்டுத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை “எங்கள் பூட்டு சரியில்லை, எந்தப் பூட்டு வாங்கலாம்?” என்றே கேட்கின்றன. அவற்றுள் பலவற்றில் பூட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதால், கடையின் பெயரையும் விலையையும் எதிர்பார்த்திருப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்பக்கமாக உள்ள தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். வாசற்கதவுப் பூட்டு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இறுகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. பூட்டையே மாற்றிவிடலாமா? – வாசகி, கொழும்பு 6

பதில்: மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, திறப்பைப் போட்டுப் பூட்டைத் திருப்புங்கள். திறந்த கதவில் இலகுவாகத் திரும்பும் பூட்டு, கதவை மூடியதும் இறுகுமானால், பழுது கதவில்தான் இருக்கிறது. பிணைச்சல் திருகாணிகள் தளர்ந்து கதவு சில மில்லிமீற்றர் கீழே இறங்கியிருக்கும். அல்லது ஒக்டோபர், நவம்பர் மழையில் மரம் ஊதியிருக்கும். அப்போது பூட்டின் நாக்கு, நிலையில் உள்ள தகட்டின் துளைக்குள் நேரே போகாமல் அதன் விளிம்பில் உராய்கிறது. முதலில் மேல் பிணைச்சலின் திருகாணிகளை இறுக்குங்கள். பிடிக்காமல் வெறுமனே சுழன்றால் இன்னும் நீளமான திருகாணிகளைப் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், தகட்டின் துளையை அரத்தால் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு அராவிவிட்டால் போதும். இதைச் செய்யாமல் நாள்தோறும் திறப்பை முறுக்கியே திறந்துகொண்டிருப்பவர்களின் திறப்புத்தான் ஒருநாள் பூட்டுக்குள் முறிந்து நிற்கும்.

கதவு திறந்திருக்கும்போதும் பூட்டு இறுகுகிறதென்றால், காரணம் கடலும் நீங்கள் விடும் எண்ணெயும் ஆகும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள வீடுகளில் காற்றோடு வரும் உப்பு, பூட்டுக்குள் இருக்கும் சிறு எஃகு வில்களைத்தான் முதலில் தின்கிறது. பித்தளைப் பாகங்கள் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அந்த இடத்தில் தேங்காய் எண்ணெயை விடும்போது, அது உப்பையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டு காலப்போக்கில் பசையாகிறது. அத்தோடு தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். குளிரூட்டியை 22இல் வைத்து உறங்கும் வீட்டின் படுக்கையறைப் பூட்டொன்றை அண்மையில் கழற்றியபோது, உள்ளே இருந்ததை மெழுகுதிரி என்றே சொல்லலாம். தையல் இயந்திர எண்ணெய் உறையாது என்றாலும் தூசியைச் சேர்ப்பதில் அதற்குச் சளைத்ததன்று.

செய்ய வேண்டியது இதுதான். டபிள்யூடி-40 போன்ற தெளிப்பானொன்றால் பூட்டின் உள்ளே நன்றாகக் கழுவி, கறுப்பு நீர் வழிவது நிற்கும் வரை துடைத்து, ஒருநாள் உலரவிட வேண்டும். அந்தத் தெளிப்பான் 1953இல் நீரை அகற்றுவதற்காகவே உருவாக்கப்பட்டது. கழுவுவதற்கு அது நல்லது, நிலைத்து நிற்கும் மசகாக அதை நம்பக்கூடாது. பிறகு டெஃப்லோன் கலந்த உலர் மசகைச் சிறிதளவு விடுங்கள். பலரும் கிரபைட் தூளைப் பரிந்துரைப்பார்கள், மருதானையிலோ நுகேகொடையிலோ இருப்பவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உப்பும் ஈரமும் சேருமிடத்தில் கிரபைட் உலோக அரிப்பைத் தூண்டும் என்பதால் கடலோர வீடுகளுக்கு நான் அதைத் தவிர்க்கிறேன். எண்ணெய் விட்ட பூட்டில் கிரபைட்டைப் போட்டால் அரைத்த சாந்துதான் கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்தும் பயனில்லை என்றால் அப்போது பூட்டை மாற்றலாம். மாற்றும்போது கைபிடியும் முகத்தகடும் துருவேறா எஃகில் 316 தரமாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 304இல் இல்லாத மொலிப்டினம் அதில் இருப்பதால் உப்புக்காற்றில் அது கூடுதல் காலம் நிற்கும்.

கேள்வி: மூன்று வயது மகன் குளியலறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டான். கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தோம். வேறு வழி இருந்திருக்குமா? – தந்தை, தெகிவளை

பதில்: இருந்திருக்கும். குளியலறைக்கென்று விற்கப்படும் பெரும்பாலான பூட்டுகளின் வெளிப்புறத்தில், கைபிடியின் நடுவிலோ அதற்குக் கீழேயோ ஒரு சிறு வெட்டோ துளையோ இருக்கும். வெட்டாக இருந்தால் ஒரு நாணயத்தையோ தட்டைத் திருப்புளியையோ வைத்துத் திருப்ப, உள்ளே உள்ள தாழ் விலகும்; துளையாக இருந்தால் மெல்லிய கம்பியொன்றை நேரே அழுத்த வேண்டும். சாதாரணத் தள்ளு தாழ்ப்பாளுக்கு இந்த வசதி கிடையாது. சிறுவர்களும் முதியவர்களும் உள்ள வீட்டில் அதைக் கழற்றிவிட்டு இத்தகைய பூட்டைப் போடுங்கள், அல்லது தாழ்ப்பாளைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் உள்ள எங்கள் தொடர்மாடியின் முன்வாசலிலும் படிக்கட்டு வாசலிலும் அட்டையைக் காட்டினால் திறக்கும் மின்காந்தப் பூட்டுகள் உள்ளன. மின்சாரம் தடைப்பட்டால் அரை மணித்தியாலத்தில் இரண்டு கதவுகளும் தாமாகவே திறந்துகொள்கின்றன. மின்சாரம் இல்லாதபோது பூட்டியே இருக்கும் வகைக்கு மாற்ற வேண்டுமென்று குடியிருப்பாளர் கூட்டத்தில் பலரும் வற்புறுத்துகிறார்கள். பூட்டைப் பொருத்தித் தந்தவர்களும் செய்து தரலாம் என்கிறார்கள். செய்யலாமா? – முகாமைக் குழுச் செயலாளர், கொழும்பு 4

பதில்: படிக்கட்டு வாசலில் செய்யவே கூடாது. முன்வாசலில் வேறொரு விதமாகச் செய்யலாம். இரண்டையும் ஒன்றாகப் பேசியதால்தான் உங்கள் கூட்டத்தில் குழப்பம் நேர்ந்திருக்கிறது.

மின்காந்தப் பூட்டில் அசையும் பாகம் எதுவும் இல்லை. நிலையில் ஒரு மின்காந்தமும் கதவில் ஓர் இரும்புத் தகடும் இருக்கின்றன. சாதாரணமாகப் பாவிக்கப்படும் அளவிலான பூட்டு, 12 வோல்ற்றில் ஏறத்தாழ அரை அம்பியர் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, 280 கிலோகிராம் அளவிலான விசையோடு கதவைப் பிடித்து வைத்திருக்கிறது. மின்னோட்டம் நின்றால் பிடியும் நிற்கும். பலர் இதைக் குறையென்று நினைக்கிறார்கள். படிக்கட்டு வாசல்களுக்கு இந்தப் பூட்டைத் தெரிந்தெடுப்பதற்கே இதுதான் காரணம். தீப்பிடித்து, கம்பிகள் கருகி, விளக்குகள் அணைந்து, புகையில் ஒருவர் தட்டுத்தடுமாறிப் படிக்கட்டின் அடிக்கு வந்து சேரும்போது, அவருடைய கையில் அட்டையோ திறப்போ இல்லாமலே அந்தக் கதவு திறக்க வேண்டும். கள்ளனை வெளியே நிறுத்துவது பூட்டின் ஒரு வேலை. உள்ளே இருப்பவரைத் தாமதமின்றி வெளியே விடுவது அதன் மற்ற வேலை. கூட்டங்களில் முதலாவது பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்.

இனி உங்களுடைய உண்மையான பழுதுக்கு வருகிறேன். மின்சாரம் போய் அரை மணித்தியாலத்தில் கதவு திறக்கிறதென்றால் உங்கள் பற்றரி செத்துவிட்டது. இந்த அமைப்புகளில் வழக்கமாகப் போடப்படுவது 12 வோல்ற், 7 அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவுள்ள மூடிய ஈயப் பற்றரி. பூட்டொன்று அரை அம்பியரும், அட்டை வாசிப்பானும் கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்து இன்னொரு கால் அம்பியரும் இழுப்பதாகக் கொண்டால், கணக்கில் ஒன்பது மணித்தியாலமும் நடைமுறையில் புதிய பற்றரியாக இருந்தால் ஆறேழு மணித்தியாலமும் தாங்கும். இரண்டு பூட்டுகளையும் ஒரே பற்றரியில் தொங்கவிட்டிருந்தால் அதில் ஏறத்தாழப் பாதிதான் எதிர்பார்க்கலாம். அதோடு ஈயப் பற்றரிக்கு வெப்பம் எமன். காவலாளி அறையின் தகரக் கூரைக்குக் கீழே இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் பற்றரி இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பெயரளவுக்கு வந்துவிடும். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறையிலிருந்தபோது, கொழும்பிலுள்ள இத்தகைய பற்றரிகள் பல அடியோடு வற்றி, அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. மின்வெட்டுக் காலம் முடிந்துவிட்டதே என்று இருக்கவும் முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதற்கு நாடு முழுவதும் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே, புதிய பற்றரியை வாங்கி, அதன் மேல் பொருத்திய திகதியை அழியாத மையால் எழுதுங்கள். ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனி மின்வழங்கியும் பற்றரியும் இருக்கட்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பகல் வேளையில், காவலாளி அருகிலிருக்க மின்சாரத்தை நிறுத்தி, கதவு எத்தனை மணித்தியாலம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அதே வேளையில் கதவிலுள்ள இரும்புத் தகட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். அது இறப்பர் வளையத்தின் மேல் சற்று ஆடும்படி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆடுகிறதே என்று அக்கறையுடன் இறுக்கிவிடும் திருத்துனர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். இறுக்கிய தகடு காந்தத்தின் முகத்தோடு முழுமையாகப் பொருந்தாது, கதவை ஓர் இளைஞன் தோளால் தள்ளினாலே விட்டுவிடும்.

முன்வாசலுக்கு, வெளியிலிருந்து வருவோருக்கு மட்டும் மின்சாரமின்றிப் பூட்டியே இருக்கும் மின் நாக்குப் பிடியை, அதாவது பூட்டின் நாக்கை நிலையில் பிடித்து வைத்து மின்சாரத்தால் விடுவிக்கும் பொறியைப் பொருத்தலாம். உள்ளே இருப்பவர் கைபிடியை அழுத்தினால், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதவு திறந்தாக வேண்டும். அதற்கு வெளியே ஒரு திறப்புத் துளையும் இருக்கட்டும். படிக்கட்டு வாசலில் கண்ணாடியை உடைத்து அழுத்தும் பச்சைப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது காந்தத்துக்குப் போகும் மின்கம்பியை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். அதைக் கட்டுப்பாட்டுப் பலகையின் ஊடாக இணைத்திருந்தால், பலகை செயலிழந்து நிற்கும் நாளில் பெட்டியை உடைத்தும் பயன் இருக்காது. இதைச் சோதிப்பது எளிது: பலகையின் சமிக்ஞைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பச்சைப் பெட்டியை இயக்குங்கள்; கதவு திறக்காவிட்டால் பொருத்தியவரைத் திரும்ப அழையுங்கள்.

கூட்டத்தில் யாராவது “அப்படியானால் இரவில் படிக்கட்டு வாசலுக்குச் சங்கிலியும் ஆமைப்பூட்டும் போட்டுவிடலாம்” என்று சொல்வார்கள். நான் பராமரிப்புக்குச் சென்ற அலுவலகக் கட்டடமொன்றில் அப்படித்தான் செய்திருந்தார்கள். அந்த ஆமைப்பூட்டின் திறப்பை வைத்திருந்த காவலாளி அன்று விடுமுறையில் கண்டிக்குப் போயிருந்தார். சங்கிலியைக் கழற்றாவிட்டால் மற்றப் பூட்டுகளைத் தொடமாட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தேன். அந்த ஒப்பந்தம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி பொதுப் பகுதிகளைப் பேணும் பொறுப்பு வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட முகாமைக் கூட்டுத்தாபனத்தைச் சாரும் என்பதால், சங்கிலி போடும் தீர்மானத்துக்குக் கையொப்பமிடுவோர் அதற்குப் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தீயணைப்புப் படையின் இலக்கமான 110ஐ அந்த வாசலுக்கு அருகில் பெரிதாக எழுதி ஒட்டுவதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை.

கேள்வி: புறக்கோட்டையில் வெட்டுவித்த மாற்றுத் திறப்பு ஒரு வாரம் வேலை செய்தது, பிறகு மறுக்கிறது. வெட்டியவர் ஏமாற்றிவிட்டாரா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அவரைக் குற்றம் சொல்வதற்கு முன், எந்தத் திறப்பைக் கொடுத்து வெட்டுவித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நாம் ‘யேல் பூட்டு’ என்று பொதுப்பெயராகவே சொல்லிப் பழகிவிட்ட சிலிண்டர்ப் பூட்டுக்குள் வழக்கமாக ஐந்து துளைகளில் ஐந்து சோடிச் சிற்றாணிகள் வில்லின் அழுத்தத்தில் நிற்கின்றன. சரியான திறப்பின் பள்ளங்கள், ஒவ்வொரு சோடியும் பிரியும் இடத்தை ஒரே கோட்டுக்கு உயர்த்தும்போதுதான் சிலிண்டர் திரும்பும். எகிப்தியர் மரத்தில் செய்த பூட்டின் தத்துவமும் இதுவே. அதைச் சிறு தட்டைத் திறப்பால் இயங்கும் உலோகச் சிலிண்டராக்கி, 1860களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் லைனஸ் யேல் என்ற அதே பெயருடைய தந்தைக்கு மகனான இளைய யேல். ஆணிகள் பிரியும் அந்தக் கோட்டில் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு பிழைத்தாலே பூட்டு முரண்டு பிடிக்கும்.

பத்து ஆண்டு பாவித்துத் தேய்ந்த பித்தளைத் திறப்பை இயந்திரத்தில் வைத்தால், அது தேய்மானத்தையும் சேர்த்தே பிரதி செய்யும். அந்தப் பிரதியிலிருந்து எடுக்கும் இன்னொரு பிரதியில் இரண்டு இயந்திரங்களின் பிழையும் சேர்ந்திருக்கும். உங்கள் கதையில் ஒரு வாரம் திறந்தது என்பதைப் பார்த்தால், வெட்டிய விளிம்பில் பிசிறு நீக்கப்படாமல் இருந்து, அது உதிர்ந்து பூட்டுக்குள் விழுந்திருக்கவும் கூடும். திறப்பின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சுரசுரப்பாக இருந்தால் கொண்டுபோய்க் கம்பித் தூரிகையில் பிடித்துத் தரச் சொல்லுங்கள், காசு கேட்கமாட்டார். புதுப் பூட்டு வாங்கும்போது வரும் திறப்புகளில் ஒன்றைப் பாவிக்காமல் ஒதுக்கி வைத்து, வெட்டுவிக்கும் போதெல்லாம் அதையே கொடுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் உள்ள வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விடுகிறேன். ஒவ்வொரு முறையும் குடியிருப்பவர் மாறும்போது பூட்டை மாற்றுவது செலவாக இருக்கிறது. திறப்புகளைத் திருப்பி வாங்கிக்கொண்டால் போதாதா? – வீட்டு உரிமையாளர்

பதில்: போதாது. திருப்பித் தரப்பட்ட திறப்புகளை எண்ணலாம், வெட்டுவித்த திறப்புகளை எண்ண முடியாது. ஆனால் முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. உங்கள் கதவில் இருப்பது யூரோ சிலிண்டர், அதாவது திறப்பு நுழையும் பாகத்தை மட்டும் தனியே கழற்றக்கூடிய வகை என்றால், கதவின் விளிம்பில் உள்ள ஒரேயொரு நீளத் திருகாணியைக் கழற்றி, திறப்பைச் சற்றுத் திருப்பிப் பிடித்தபடி இழுத்தால் சிலிண்டர் வெளியே வந்துவிடும். பழைய சோனகத் தெருவில் அதே அளவுச் சிலிண்டரை வாங்கிவந்து நீங்களே போடலாம். அளவை முழு நீளமாகச் சொல்லாதீர்கள். நடுத் திருகாணித் துளையிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீற்றர், உட்பக்கம் எத்தனை என்று இரண்டு எண்ணாகச் சொல்லுங்கள். முகத்தகட்டுக்கு வெளியே சிலிண்டர் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால், குறடால் பிடித்து முறிப்பவனுக்கு அது வசதியாகிவிடும். அந்தத் திருகாணித் துளைதான் சிலிண்டரின் மிக மெலிந்த இடம். இன்னும் சிக்கனமாகச் செய்வதாக எண்ணி இரண்டு சிலிண்டர்களை வாங்கி, குடியிருப்பவர் மாறும்போது மாற்றி மாற்றிப் போடும் வீட்டுக்காரர்களும் உண்டு. முதலில் குடியிருந்தவர் தன் திறப்போடு திரும்ப வந்தால் என்ன செய்வார் என்று அவர்கள் யோசிப்பதில்லை. அதைவிட, இருக்கும் சிலிண்டரின் உள்ளே ஆணிகளை மாற்றிப் புதுத் திறப்புக்கு அமைத்துத் தரும்படி ஒரு பூட்டுத் திருத்துனரிடம் கேளுங்கள்.

கேள்வி: கோட்டையில் உள்ள எங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஏறத்தாழ அறுபது அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனித் திறப்பும், எல்லாவற்றையும் திறக்கும் ஒரே தலைமைத் திறப்பும் செய்விக்க விரும்புகிறோம். பாதுகாப்பு குறையுமா? – நிர்வாக அலுவலர்

பதில்: குறையும், எவ்வளவு குறையும் என்று தெரிந்துகொண்டு செய்யலாம். தலைமைத் திறப்புக்கு அமைக்கும்போது, ஒவ்வொரு சிற்றாணிச் சோடியின் நடுவிலும் ஒரு மெல்லிய வில்லையைச் செருகுகிறோம். அதனால் ஒவ்வொரு துளையிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு உயரங்களில் ஆணிகள் பிரியும். ஐந்து துளைகளிலும் இத்தகைய வில்லைகள் போட்டால், கணக்கின்படி 32 வகைத் திறப்புகள் அந்தப் பூட்டைத் திறக்கும். நாம் செய்து கொடுத்தவை அவற்றுள் இரண்டு மட்டுமே. இதைவிடப் பெரிய பலவீனம் ஒன்றை மட் பிளேஸ் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர் 2003இல் வெளியிட்டார். ஓர் அறையின் பூட்டும் அதற்குரிய சாதாரணத் திறப்பும் இன்னும் வெட்டப்படாத சில வெற்றுத் திறப்புகளும் கையிலிருந்தால், பூட்டைக் கழற்றாமலே, பொறுமையாகச் சோதித்துத் தலைமைத் திறப்பின் வடிவத்தைக் கண்டறிந்துவிடலாம் என்பதே அது. எங்கள் தொழிலில் மூத்தவர்கள் சிலர் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். வெளியே சொல்லாமல் இருந்தால் போதும் என்று நம்பினார்கள்.

ஆகவே கணக்குப் பிரிவு, பணப்பெட்டி அறை, கணினிச் சேவையக அறை, ஆளணிக் கோவைகள் உள்ள அறை ஆகியவற்றைத் தலைமைத் திறப்பின் ஆட்சிக்கு வெளியே விட்டுவிடுங்கள். மற்றவற்றை மாடி மாடியாகப் பிரித்து, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கிளைத் தலைமைத் திறப்பை அமைத்தால், துப்புரவுப் பணியாளர் ஒருவரின் கைக்கு முழுக் கட்டடமும் போகாது. வெற்றுத் திறப்பு சந்தையில் இலகுவாகக் கிடைக்காத வகைச் சிலிண்டரையே தெரிந்தெடுங்கள். திறப்பில் ‘பிரதி எடுக்கக்கூடாது’ என்று பொறித்துத் தருவதாக யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், இயந்திரத்துக்கு வாசிக்கத் தெரியாது. தலைமைத் திறப்பை யார், எத்தனை மணிக்கு எடுத்து, எத்தனை மணிக்குத் திருப்பி வைத்தார் என்று கையொப்பத்துடன் எழுதும் கொப்பி ஒன்று அவசியம். தலைமைத் திறப்பு தொலைந்தால் அது திறக்கும் எல்லாச் சிலிண்டர்களையும் திரும்ப அமைக்க வேண்டிவரும் என்பதால், அந்தச் செலவை ஆரம்பத்திலேயே கணக்கிட்டு மேலதிகாரியிடம் காட்டிவிடுங்கள். பிறகு கொப்பியில் கையொப்பமிட எவரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் வாசல் அட்டையைத் திறப்பு வெட்டும் கடையொன்றில் ஐந்து நிமிடத்தில் பிரதி செய்து தந்துவிட்டார்கள். இது எப்படி முடியும்? – வாசகி, கல்கிசை

பதில்: உங்களுடையது 125 கிலோஹேர்ட்ஸ் வகை அட்டை. அதனுள்ளே இரகசியம் எதுவும் இல்லை. வாசிப்பானுக்கு அருகே கொண்டுபோனதும் தன் இலக்கத்தை உரக்கச் சொல்லிவிடும், அவ்வளவுதான். அதைக் கேட்கும் எந்தக் கருவியும் அதே இலக்கத்தை வேறொரு அட்டையில் எழுதலாம். அதற்கு அடுத்து வந்த 13.56 மெகாஹேர்ட்ஸ் அட்டைகளில் பரவலாகப் பாவிக்கப்பட்ட மைஃபெயார் கிளாசிக்கின் மறைகுறியையும் 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். இன்று புதிதாகப் பொருத்துவதானால் மைஃபெயார் டெஸ்ஃபயர் போன்ற, ஏஇஎஸ் எனப்படும் வலுவான மறைகுறியைப் பாவிக்கும் அட்டைகளையும் அவற்றுக்குரிய வாசிப்பான்களையும் கேளுங்கள். அட்டையை மட்டும் மாற்றிப் பழைய வாசிப்பானையே வைத்திருந்தால் பலன் இல்லை; அட்டையின் இலக்கத்தை மட்டும் வாசிக்கும்படி அமைத்த புதிய வாசிப்பானாலும் பலன் இல்லை.

எனினும் உடனடியாகச் செய்யக்கூடியதும் செலவில்லாததும் ஒன்று உண்டு. முகாமைக் குழுவிடம் செயலில் உள்ள அட்டைகளின் பட்டியலைக் கேளுங்கள். நான் பார்த்த பட்டியல்களில் வீடு மாறிப்போனவர்கள், வேலையிலிருந்து நின்ற பணிப்பெண்கள், ஆண்டுகளுக்கு முன் வர்ணம் பூச வந்தவர்கள் ஆகியோரின் அட்டைகள் இன்னும் கதவைத் திறந்துகொண்டே இருந்தன.

கேள்வி: அப்பம்மாவின் விரலை மட்டும் கைரேகைப் பூட்டு ஏற்பதில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், வத்தளை

பதில்: முதுமையில் விரல் உலர்ந்து ரேகையும் தேய்ந்துவிடுகிறது, மேசன்மாருக்கும் நாளெல்லாம் பாத்திரம் கழுவுவோருக்கும் இதே சிக்கல் உண்டு. கட்டைவிரலையும் வேறிரு விரல்களையும் மீண்டும் பதிவு செய்து பாருங்கள். சரிவராவிட்டால் அவருக்கு ஓர் அட்டையைக் கொடுத்துவிடுங்கள், தொண்ணூறு வயதில் அவரைக் கதவோடு போராட விட வேண்டாம். பூட்டின் உள்ளே இருக்கும் பற்றரிகள் தீர்ந்துபோகும் நாளுக்காகச் சாதாரணத் திறப்பொன்று வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் இருக்க வேண்டும். பணியாளரின் கைரேகையைப் பதியும் வேலைத்தலங்கள், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவைத் தரவுகளை விசேட வகையில் சேர்த்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அட்டை தொலைந்தால் வேறு அட்டை கொடுக்கலாம், விரலுக்கு அப்படிச் செய்ய முடியாது.

கேள்வி: இரவு பத்து மணிக்குக் காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. திறப்பு உள்ளே. வந்த திருத்துனர் பார்த்த மாத்திரத்தில் துளையிட்டுத் திறந்து, புதுப் பூட்டும் போட்டுப் பெருந்தொகை வாங்கிச் சென்றார். இது நியாயமா? – வாசகி, தெகிவளை

பதில்: நீங்கள் திறப்பால் பூட்டிவிட்டுச் சென்ற கதவன்று, அடித்துச் சாத்திக்கொண்ட கதவு. அதைப் பிடித்திருந்தது வில்லில் இயங்கும் சாய்ந்த நாக்கு மட்டுமே. தொழில் தெரிந்தவர் அத்தகைய கதவைப் பெரும்பாலும் எதையும் சேதப்படுத்தாமலே சில நிமிடங்களில் திறந்துவிடுவார். திறப்பால் பூட்டப்பட்ட கதவானாலும் முதலில் சிற்றாணிகளைக் கருவியால் உயர்த்தித் திறக்க முயன்று, அது கைகூடாதபோதே துளையிட வேண்டும். அப்போதும் சேதமாவது சிலிண்டர் மட்டுமே.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது இன்னொன்று. நீங்கள் அந்த வீட்டில் வசிப்பவர்தானா என்று அவர் கேட்டதாக எழுதவில்லை. நான் கதவைத் தொடுவதற்கு முன் தேசிய அடையாள அட்டையைக் கேட்பேன். அதுவும் வீட்டுக்குள் இருக்கிறதென்றால் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவரச் சொல்வேன், திறந்தபின் உள்ளேயிருந்து அட்டையைக் காட்டச் சொல்வேன். சிலர் கோபிப்பார்கள். கேட்காமல் திறந்துவிடும் ஒருவர் உங்கள் கதவை மட்டுமன்றி எவருடைய கதவையும் எவருக்காகவும் திறந்துவிடுவார். கழற்றிய பழைய பூட்டை உங்களிடம் தந்துவிட்டுப் போயிருந்தால் அதைப் பாருங்கள்: துளை சிலிண்டரில் இல்லாமல் பூட்டுப் பெட்டியில் இருந்தால், மாற்றத் தேவையில்லாத பூட்டை மாற்றுவதற்காகவே அது இடப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் புதிதாகப் போட்ட பூட்டின் சிலிண்டரையும் இந்த வாரமே வேறொருவரைக் கொண்டு மாற்றிவிடுங்கள்.